கை கொடுத்தவர் வரும் வரை

எங்கள் பள்ளியில் ஒரு பையனைச் சேர்ப்பது சுலபம். வெளியே கூட்டிக்கொண்டு போவதுதான் பெரும்பாடு. வாத்தியார்களுக்கும் ஏறக்குறைய அதே கதிதான் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு வராது என்று பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் சொல்வது சும்மா இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். திருவள்ளூரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அந்தப் பள்ளியிலிருந்து என் மாமனார் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். என் மனைவி ஹேமாம்புஜமும் மகள் மிருதுளாவும் அங்கேதான் இருக்கிறார்கள், ஏனென்றால் நான் விடுதி ஆசிரியரும்கூட, எங்கள் பள்ளியின் விடுதி ஆசிரியர் குடும்பத்தோடு வளாகத்தில் தங்கக் கூடாது. அது ஒரு பாரம்பரியம். ஆகவே, ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் பெண்டாட்டியைப் பார்க்க நான் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, அங்கே திருவள்ளூர் வண்டிக்குக் காத்திருந்து, சென்னையைத் தொட்டுவிட்டுப் போய் வந்துகொண்டிருந்தேன். மிருதுளாவிடம் அவளுடைய டீச்சர், உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். "எங்க அப்பா ஹாஸ்டல்ல படிக்கறார்" என்று சொல்லியிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரம்பித்தவர் சுப்பராயன் என்ற சவுக்குக்கட்டை வியாபாரி. அவர் காலத்தில் சுற்றிலும் சவுக்குத் தோப்பு, கடற்காற்று, நரி. இப்போது ஒரு பக்கம் இரும்பு உருக்குகிறார்கள். ஒரு பக்கம் பிளாஸ்டிக் குடம் வார்க்கிறார்கள். மூன்றாவது பக்கம் என்ன செய்கிறார்கள் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை, வாசனை மட்டும் வருகிறது. நாலாவது பக்கம் இரும்பு கேட்டும் லாரிகள் ஓடும் சாலையும். இந்த நாலுக்கும் நடுவில் முந்நூறு பையன்கள்.

சுப்பராயன் காலத்தில் செங்கல் சூளைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம். நான்தான் சித்தப்பா, நான்தான் தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்கப்புறம் பையனைச் சூளையில்தான் பார்க்க முடியும். சுப்பராயன் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தார். சேர்க்கிற அன்று பையனை அழைத்து வந்தவர், பிரார்த்தனைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் பையனின் வலது கையை எடுத்துத் தலைமை ஆசிரியர் கையில் வைக்க வேண்டும். இதற்குக் கைகொடுப்பு என்று பெயர். கை கொடுத்தவர் எவரோ அவர் ஒருவர்தான் பையனை வெளியே கூட்டிக்கொண்டு போக முடியும், விடுமுறைக்கானாலும் சரி, படிப்பு முடிந்த பிறகானாலும் சரி. கை கொடுத்தவர் செத்துப்போனால், பையனே கூடத்தில் நின்று அதைச் சொல்ல வேண்டும். அப்புறம் விடுதி ஆசிரியர் அவனை வீட்டில் கொண்டுபோய் விடுவார். நல்ல எண்ணத்தில் போட்ட பூட்டுதான். ஆனால் சூளைக்காரர்கள் போய்ப் பல காலமாகியும் பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது.

இன்னொரு வழியும் உண்டு. கை கொடுத்தவர் உயிரோடு இருந்தும் வரவில்லை என்றால், ஆசிரியர்களில் ஒருவர் அந்தக் கைக்கு நிற்கலாம். அதாவது ஜாமீன். அவர் நின்றால் பையன் போகலாம், கை கொடுத்தவர் என்றைக்காவது வந்து கேட்கும் வரை அந்த ஆசிரியர் பள்ளி வேலையை விட்டுப் போகக் கூடாது. பள்ளியின் வரலாற்றில் இப்படி நின்றவர் ஒரே ஒருவர், மாசிலாமணி என்ற டிரில் மாஸ்டர். அந்தப் பையனின் மாமா கப்பலேறி ரங்கூனுக்குப் போனவர். மாமா வரவேயில்லை. மாசிலாமணி இங்கேயே கிழவராகி இங்கேயே செத்துப்போனார். கேட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அவர் படுத்த தேக்குக் கட்டில் விடுதி ஆசிரியர் அறையில், அதாவது என் அறையில், கிடக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் முனகும்.

மதில் சுவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிற பையன்கள் ஒவ்வொரு வருடமும் தங்கள் நினைவாக மதில் மேல் ஒரு வரிசை செங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். தான் வெளியே போகிற சந்தோஷத்தில் உள்ளே இருக்கிறவனுக்குச் சுவரை உயர்த்திவிட்டுப் போவது. நானும் இங்கே படித்த காலத்தில் சிரித்துக்கொண்டே வைத்தேன். இப்போது சுவர் மூன்று ஆள் உயரம் இருக்கிறது.

இதையெல்லாம் ஒவ்வொரு ஜூன் மாதமும் புங்க மரத்தடியில் புதிய பெற்றோர்களுக்கு எடுத்துச் சொல்வது என் வேலை. எனக்குக் கதை சொல்ல வரும் என்று தலைமை ஆசிரியர் தணிகாசலம் கண்டுபிடித்துவிட்டார். கடைசியாக, சுவர் தாண்டிய பையன் கதையைச் சொல்லி முடிப்பேன். கொடுத்த கையைத் திரும்ப வாங்காமல் ஒரு பையனைச் சித்தப்பா சுவர் மேல் தூக்கி வெளியே இறக்கிவிட்டார், இரண்டு பேரும் ரயில் பாதையைத் தாண்டும்போது பையன் மட்டும் அடிபட்டுப் போனான், அதிலிருந்து கை வாங்காமல் யாரும் பையனைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. எனக்கு முன்னால் இருந்த வார்டன் எனக்குச் சொன்ன கதை. உண்மையா என்று நான் கேட்டதில்லை. நான் சொல்லும்போது ரயில் வருகிற சத்தத்தைக்கூட வாயால் செய்து காட்டுவேன். தாய்மார்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

பெட்டியின் பூட்டு மாட்டாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் முத்தம்மா வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பு அன்புராஜின் அம்மா. தேர்வாய் கண்டிகையில் கார்களுக்கு ரப்பர் சாமான் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். சேலைக்கு மேல் போட்ட கம்பெனியின் நீலச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா சார், பொட்டி கட்டிக்கினு கீறீங்க?"

"திருவள்ளூர்ல வேலை கிடைச்சிருக்கும்மா. நாளைக்குக் கிளம்புறேன்."

"நாங்களும் நாளைக்குத்தான் சார். கம்பெனிய ஓசூருக்கு எடுத்துக்கினு போறாங்கோ. வர்றவங்களுக்கு வேலை கீது, வராதவங்களுக்கு இல்லன்னுட்டாங்கோ. நாளைக்கு மதியானம் பஸ்ஸு. ஊட்ட காலி பண்ணியாச்சு. புள்ளைய கூட்டிக்கினு போலாம்னு வந்தேன்."

நான் பூட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். அன்புராஜுக்குக் கை கொடுத்தவர் அவனுடைய அப்பா ரகு. லாரி டிரைவர். ஆறாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தார். கொஞ்ச காலம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தார். அப்புறம் ஆந்திரா பக்கம் லோடு ஏற்றிப் போனவர் சூலூர்பேட்டையில் வேறு ஒரு பெண்ணோடு தங்கிவிட்டார். அதிலிருந்து பையன் விடுமுறைக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை. தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை எல்லாம் இங்கேதான். எல்லோரும் போன பிறகு காலியான கூடத்தில் அவனும் சமையல்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முத்தம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கேட்டுக்கு உள்ளே புங்க மரத்தடியில் அவனைப் பார்த்துவிட்டுப் போவாள்.

"ஓசூர்ல இருந்து நான் எப்படி சார் ஞாயித்துக்கிழம வருவேன்? பன்னண்டாவது முடியற வரைக்கும் புள்ள யாரையும் பாக்காம உள்ளயே கெடக்கணுமா?"

"அவர் வரமாட்டாரா?"

"போன வாரம் நானே சூலூர்பேட்டைக்குப் போய்ப் பாத்தேன் சார். வந்து கைய மட்டும் வாங்கிக் குடுத்துட்டு போய்யான்னு கேட்டேன். வந்தா நீ என்னிய புடிச்சு வெச்சுக்குவன்றாரு. நான் இன்னாத்துக்குப் புடிக்கப் போறேன். பேஜாரா கீது சார்."

அவளைக் கூட்டிக்கொண்டு தணிகாசலத்தின் அறைக்குப் போனேன். அவரும் இந்தப் பள்ளியில் படித்தவர்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பையன்களுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருப்பார். ஆனால் பாரம்பரியம் என்று வந்துவிட்டால் மதிலும் அவரும் ஒன்று.

"நான் தடுக்கலையேம்மா" என்றார். "கை கொடுத்தவர் வரட்டும். இந்த நிமிஷமே அனுப்புறேன்."

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இதெல்லாம் சட்டத்துலயே கிடையாதும்மா. நீங்க பெத்த தாய். திருவள்ளூர் கல்வி ஆபீசுல ஒரு வார்த்தை சொன்னா, ஹெட்மாஸ்டர் இப்பவே டி.சி. எழுதிக் கொடுத்துடுவார். இல்ல, பேசாம பையனைக் கூட்டிக்கிட்டு கேட்டைத் தாண்டுங்க. யார் வந்து மறிக்கிறாங்கன்னு பாக்கறேன்."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "கை வாங்காமயா? நீங்கதான சார் சொன்னீங்க, அந்தப் புள்ள ரயில்ல அடிபட்டத."

"அது சும்மா கதைம்மா."

"அன்னிக்கு நீங்க அப்படிச் சொல்லலியே. நான் அழுதுட்டேன். இவரு கூட அழுதாரு." ரகுவைச் சொல்கிறாள். "வாத்தியாரு நீங்க. அத்தினி பேரு முன்னால பொய்யா சொல்லுவீங்க?"

பொய் என்று சொல்லவும் எனக்குத் தெரியாது, மெய் என்று சொல்லவும் தெரியாது. ரயில் சத்தம் மட்டும் நன்றாகச் செய்வேன். இவளை இந்தக் கேட்டுக்குள் நிறுத்தி வைத்திருப்பது தணிகாசலம் இல்லை, என் வாய்தான் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. புத்திசாலித்தனமான யோசனை என்றே அப்போது நினைத்தேன். "அவர் செத்துட்டார்னு சொல்லிடுங்க" என்றேன். "விடுதி ஆசிரியர் நான்தானே. நாளைக்குக் காலையில நானே கொண்டுவந்து உங்க கையில ஒப்படைச்சுட்டு, அப்படியே ஊருக்குப் போயிடறேன். முறைப்படியே எல்லாம் முடிஞ்சுடும்."

முத்தம்மா கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். மாசிலாமணியின் கல்லைப் பார்த்தாள். "எனக்கு அவரு செத்தவருதான் சார். நான் சொல்லிருவேன். ஆனா அவன்தான கூடத்துல நின்னு சொல்லணும்."

அன்புராஜ் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். உயரமான, ஒல்லியான பையன். என் வகுப்பில் எப்போதும் கேட் தெரிகிற ஜன்னல் ஓரத்தில்தான் உட்காருவான். லோடு இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது கேட் எதிரில் நிறுத்தி நீளமாக ஒரு ஹாரன் அடிப்பேன் என்று அப்பா அவனிடம் சொல்லியிருக்கிறார். சாலையில் எந்த லாரி ஹாரன் அடித்தாலும் இவன் தலை திரும்பும். ஆரம்பத்தில் அதற்காக அவனைச் சுண்ணக்கட்டியால் அடித்திருக்கிறேன். விஷயம் தெரிந்த பிறகு, திரும்பிப் பார்த்துவிட்டு வரட்டும் என்று கணக்கை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தான். "எங்க நைனாவயா சார்?"

"சொல்றதுக்குத்தான்டா. சொன்னா நாளைக்கு அம்மாவோட போயிடலாம்."

"சொல்லலன்னா?"

"அம்மா மட்டும் போவாங்க."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் குழாயை மூடினான். "சரி சார். சொல்றேன்." பிறகு, நான் திரும்பி நடக்க ஆரம்பித்ததும் கேட்டான். "நான் செத்துட்டாருன்னு சொன்னப்புறம் நைனா வந்தாருன்னா, கேட்டாண்ட இருக்கறவங்கோ உள்ள வுடுவாங்களா சார்?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன். நாளை மறுநாள் நான் இங்கே இருக்கப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் மணி அடித்துப் பிரார்த்தனைக் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயில் நேரத்தில் உள்ளே உட்கார்ந்தால் வியர்வை கண்ணில் இறங்கும். மேடைக்குப் பின்னால் சுப்பராயனின் படம். கூடத்துக்குள் பெண்கள் வரக் கூடாது, அதுவும் ஒரு பாரம்பரியம், ஆகவே முத்தம்மா வாசற்படிக்கு வெளியே ஒரு பையோடு நின்றாள். பையில் மகனுக்கு ஒரு புதுச் சட்டை எடுத்து வந்திருந்தாள். விடுதிச் சீருடையோடு ஓசூருக்குப் போக வேண்டாம் என்று.

அன்புராஜ் மேடையேறினான். தணிகாசலம் கேட்டார்: "உன் கையைக் கொடுத்தவர் எங்கே?"

பையன் வாயைத் திறந்தான். முன்வரிசையில் இருந்த நான் தலையை அசைத்தேன், சொல்லுடா என்று. கூடத்தில் மின்விசிறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. தணிகாசலம் மறுபடி கேட்டார். "எங்கே?"

அப்போது சாலையில் ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. வழக்கம்போல அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது. அந்தச் சத்தம் தேய்ந்து போகும் வரை அப்படியே நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததுமே என் யோசனை எவ்வளவு கேவலமானது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சூலூர்பேட்டைல கீறாரு சார்" என்றான். "வருவாரு."

தணிகாசலத்தின் கண்கள் ஒரு நொடி என் மேல் விழுந்து விலகின. அவருக்குப் புரிந்துவிட்டது. பையன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொல்லச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அப்ப அவர் வர்ற வரைக்கும் இரு" என்றார் தணிகாசலம். பிறகு, இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கமாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "இந்தக் கைக்கு நிற்பவர் யாராவது உண்டா?"

இது வெறும் சடங்குக் கேள்வி. கேட்டுவிட்டு, கொஞ்சம் நிறுத்திவிட்டு, மணி அடித்துக் கலைந்துவிடுவார்கள். விளையாட்டு ஆசிரியர் ஜெரால்ட் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். தமிழய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நானும் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெட்டி கட்டியாகிவிட்டது. மிருதுளாவைத் திங்கட்கிழமை பள்ளியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பையனுக்கு என்ன வந்துவிடப்போகிறது, மூன்று வேளை சோறு, படிப்பு, கூரை. நானும் இங்கே வளர்ந்தவன்தானே. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசற்படியில் முத்தம்மா அழவில்லை. பையிலிருந்து அந்தப் புதுச் சட்டையை எடுத்து, படியின் ஓரத்தைக் கையால் துடைத்துவிட்டு, அதன் மேல் வைத்தாள். "பொங்கலுக்குப் போட்டுக்கோ" என்றாள் மேடையைப் பார்த்து. "நல்லா சாப்புடு. நைனா வந்தாருன்னா அவரோட வா." அவ்வளவுதான். திரும்பினாள்.

எனக்குத் தாங்கவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால், என்னைத் திட்டியிருந்தால், என் ரயில் சத்தத்தைச் சொல்லிச் சாபம் விட்டிருந்தால்கூட நான் செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். அவள் நம்பினாள். நான் சொன்ன கதையை நம்பி, பெற்ற பிள்ளையைத் தொடாமல் திரும்பி நடந்தாள்.

"நான் நிக்கறேன்" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கூடம் முழுக்கத் திரும்பியது. தணிகாசலம் மேடையின் விளிம்புக்கு வந்தார். "ஸம்பத்" என்றார் தணிந்த குரலில், "உனக்குத் திங்கட்கிழமை."

"தெரியும் சார்."

"அந்த ஆள் வரமாட்டான்யா."

"தெரியும் சார்."

அவர் அன்புராஜின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார். தட்டுக் கழுவிய ஈரம் இன்னும் காயாத கை அந்தப் பையனுடையது. அதைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவே நடந்தேன். பையன்கள் எழுந்து நின்றார்கள், யாரும் சொல்லாமலே. வாசற்படியைத் தாண்டி, திரும்பி வந்து நின்ற முத்தம்மாவின் கையில் அவன் கையை வைத்தபோது அவள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், என்னுடையதை விட மறந்து.

கேட்டுக்கு வெளியே புதுச் சட்டையில் நின்று அன்புராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். "சார், நைனா வந்தா நான் ஓசூர்ல கீறேன்னு சொல்லுங்கோ."

"சொல்றேன்டா."

"நீளமா ஒரே ஒரு ஹாரன் அடிப்பாரு சார்."

ஹேமாம்புஜத்திடம் சொல்ல அன்று மாலை வரை எனக்குத் தைரியம் வரவில்லை. மாலையில் போனில் சொன்னேன். "நாளான்னிக்கு அப்பா கொண்டு விடப்போறார்னு இவ தெருவெல்லாம் சொல்லிண்டு திரியறா" என்றாள். பிறகு, "நீங்க அந்தக் கதையெல்லாம் நம்பறேளா என்ன?"

நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் நான் வாக்கை மீறிக் கிளம்பி, அங்கே ஓசூரில் அந்தப் பையனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட முத்தம்மா அதை எதனால் என்று நினைப்பாள்? நான் எதனால் என்று நினைப்பேன்? என் நம்பிக்கையின்மையை அடுத்த வீட்டுப் பிள்ளையின் தலையில் வைத்துச் சோதித்துப் பார்க்க என்னால் முடியாது. இதை அவளிடம் விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை.

"அந்த மனுஷர் வருவாரா?" என்று கேட்டாள்.

"வருவார்" என்றேன். அந்தப் பையன் மேடையில் சொன்ன மாதிரியே.

அடுத்த வாரம் நானே சூலூர்பேட்டைக்குப் போனேன். கழுத்தைப் பிடித்தாவது இழுத்து வந்துவிடுவது என்ற வேகம். வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்தப் பெண்தான் இருந்தாள். கைக்குழந்தை ஒன்று இடுப்பில். ஒடிசாவுக்கு லோடு ஏற்றிப் போனவர் அதற்கப்புறம் போனே எடுக்கவில்லையாம். அவளும் காத்துக்கொண்டிருந்தாள். "மீரு சூஸ்தே செப்பண்டி" என்றாள் என்னிடம், பார்த்தால் சொல்லுங்கள் என்று. அவளிடமும் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெட்டியிலிருந்து துணிமணிகளைத் திரும்ப எடுத்து அடுக்கினேன். திருவள்ளூர் வேலைக்கு வேறு ஒருவர் சேர்ந்துவிட்டார். மாசிலாமணியின் கட்டில் முனகுவதற்குக் காரணம் கட்டில் இல்லை, அதில் படுப்பவர்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இந்த ஜூன் மாதம் புதிய பெற்றோர்களுக்குக் கதை சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தணிகாசலமே சொன்னார். கைக்கு நின்றவர்கள் என்று வந்ததும் மாசிலாமணிக்கு அடுத்து என் பெயரைச் சொன்னார். நான் அங்கேயே சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். தாய்மார்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லைப் பார்ப்பது போல இருந்தது.

ஓசூரிலிருந்து முத்தம்மா எப்போதாவது போன் செய்கிறாள். அன்புராஜ் அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டான். கால்பந்து ஆடுகிறானாம். ஒரு முறை அவனே பேசினான். அப்பாவைப் பற்றிக் கேட்பான் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. அந்த ஊரில் ஒரு மலை இருக்கிறது சார், ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறினோம் என்று சொன்னான். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

நேற்று பத்தாம் வகுப்பில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தேன். கேட் எதிரில் ஒரு லாரி நின்றது. நீளமாக ஒரு ஹாரன். ஒரே ஒன்று.

சுண்ணக்கட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். படிகளில் செருப்பு ஒன்று கழன்றது, எடுக்கவில்லை. கேட் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சாலை நடுவில் ஒரு மாடு படுத்திருந்தது. டிரைவர் ஒரு சின்னப் பையன், மீசைகூட முளைக்கவில்லை. மாடு எழுந்து ஒதுங்கியதும் அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

வகுப்புக்குத் திரும்பி வந்தேன். வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு காலில் செருப்போடு. பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. நான் பார்த்துவிட்டு வரட்டும் என்று கணக்கை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.